பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்

போன மாதம் எனக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை நடந்தது. நம் வயதில் இது ஒரு செய்தியே அல்ல. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்திருக்கும். மீதிப் பேர் நாள் குறித்துக்கொண்டு இருப்பீர்கள். அதனால் சொட்டு மருந்தைப் பற்றியும், தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் போட்ட அதட்டலைப் பற்றியும் எழுதப் போவதில்லை. கட்டுப் பிரித்த மறுநாள் நான் பார்த்த ஒரு போர்வையைப் பற்றி எழுதப் போகிறேன். அந்தப் போர்வையால் என் மகளுக்கும் எனக்கும் சின்ன மனத்தாங்கல் வந்தது. அதை யோசித்துப் பார்த்ததில் நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டாயிற்று. சரியா தவறா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போர்வை பேத்திக்காகப் பின்னியது. மகள் குடும்பம் பிரான்சில், லியோன் நகரத்தில் இருக்கிறது. அங்கே குளிர் நம் ஊர் மார்கழியைப் போல விளையாட்டுக் குளிர் அல்ல. கடையில் புது உல்லன் வாங்கலாம்தான். ஆனால் என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய மீந்த நூல் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த முப்பத்தாறு ஆண்டுகளில், மதிய இடைவேளையில் கூட வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் குல்லாயும் காலுறையும் பின்னிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் மீந்த உருண்டை பெட்டிக்குள் போகும். அவற்றில் ஒட்டியிருந்த சீட்டெல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. என்ன நிறம், எந்த எண் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்து எடுக்க வேண்டியதுதான்.

அப்படிக் கண்ணால் பார்த்தே எடுத்தேன். ஒரு சாண் அளவுச் சதுரங்கள், அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு எட்டு, மொத்தம் நாற்பத்தெட்டு. கடுகு மஞ்சளும் காப்பிக்கொட்டை நிறமும் மாறி மாறி, நடுநடுவே சந்தன வெள்ளை, சுற்றிலும் கருப்புக் கரை. அடக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆயிற்று. முடித்து, தட்டி, மடித்து வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போர்வையை விரித்தேன். முதலில் யாருடைய போர்வையோ என்று தோன்றியது. காப்பிக்கொட்டை நிறம் என்று நான் நினைத்துப் பின்னிய சதுரங்களில் பாதிக்கு மேல் நல்ல கத்திரிப்பூ நிறம். சந்தன வெள்ளை என்று எடுத்ததில் சில சந்தனம், சில பளிச்சென்ற வெள்ளை. கருப்புக் கரையில் இரண்டு பக்கம் கருப்பு. மற்ற இரண்டு பக்கம் கடற்படைச் சீருடை போன்ற கருநீலம்!

இடது கண்ணுக்கு இன்னும் அறுவை ஆகவில்லை. அதனால் ஒரு சோதனை செய்து பார்த்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டால் பழைய போர்வை: வெள்ளையெல்லாம் பாலில் நாலு சொட்டு டிக்காஷன் விட்ட மாதிரி, கரை முழுக்க ஒரே கருப்பு. இடது கண்ணை மூடினால் புதுப் போர்வை. ஒரே துணி, ஒரே வெளிச்சம், இரண்டு நிறம். சிறுபிள்ளை போல் அரை மணி நேரம் கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டு இருந்தேன்.

இதன் காரணத்தை டாக்டரிடம் கேட்டபோது எளிமையாகச் சொன்னார். வயது ஆக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே போகிறது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற மாதிரி. முதலில் அடிபடுவது நீலமும் ஊதாவும். கருநீலம் கருப்பாகிவிடும், ஊதா பழுப்பாகிவிடும், வெள்ளை மங்கிவிடும். ஆனால் இது பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் மூளை அதற்குப் பழகிக்கொள்கிறது. நமக்கு எதுவும் குறைந்ததாகவே தெரியாது.

கேட்டதும் எனக்கு ஓவியர் குளோத் மோனே நினைவுக்கு வந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் சின்ன வயதிலேயே அவர் பெயர் பழக்கம். அவருக்கு 1912-ல் கண்புரை என்று சொன்னார்கள். அறுவைக்குப் பயந்துகொண்டு தள்ளித் தள்ளிப் போட்டார். அந்த ஆண்டுகளில் தன் வீட்டுத் தோட்டத்துப் பாலத்தை அவர் வரைந்த படங்களில் சில, சிவப்பும் பழுப்புமாகத் தீப்பிடித்தது போல் இருக்கும். 1923-ல் வலது கண்ணில் அறுவை செய்துகொண்டார். அப்புறம் எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினாராம். அவ்வளவு பெரிய கண்ணுக்கே அந்தக் கதி என்றால் என் கண் எம்மாத்திரம்!

இனி மனத்தாங்கலுக்கு வருகிறேன். அன்று இரவு வீடியோவில் மகளிடம் போர்வையைக் காட்டி, சிரித்துக்கொண்டேதான் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, பேசாம இதைப் பிரிச்சிட்டு ஒரே கலர்ல போட்டுடேன். பெய்ஜ், இல்லாட்டி கிரே. அவ ரூமுக்கு மேட்ச் ஆகும்" என்றாள். நான் பதில் சொல்லாமல் இருந்ததைப் பார்த்து, "கண்ணு சரியாத் தெரியாம போட்டதுதானேம்மா, அதனால சொன்னேன்" என்றும் சொன்னாள்.

அவள் தப்பாகச் சொல்லவில்லை. கண் தெரியாமல் போட்டதுதான். ஆனால் அந்த வார்த்தை இரண்டு நாள் என்னை உறுத்தியது. இனிமேல் நிறம் பார்த்து எடுக்கிற வேலை உனக்கு வேண்டாம், பாதுகாப்பாக ஒரே நிறத்தில் ஏதாவது செய் என்று சொன்ன மாதிரி இருந்தது. அண்ணன் மகன் இருபத்தெட்டாம் தேதி பாரிசுக்குக் கிளம்புகிறான். அவன் கையில்தான் போர்வையைக் கொடுத்தனுப்ப வேண்டும். பிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளில் எனக்கு அடிக்கடி நினைவில் வந்தவள் என் அம்மா.

அப்பா இறந்தபோது எனக்குப் பதினாறு வயது, அம்மாவுக்கு முப்பத்தெட்டு. அன்றிலிருந்து அம்மா வெள்ளைப் புடவைதான் கட்டினாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் ஒருமுறை வெளிர் நீலத்தில் பூப்போட்ட ஒரு வாயில் புடவையைச் சித்தி வாங்கி வந்தபோது, "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்று முதலில் கேட்டது எங்கள் வீட்டுக்காரர்களேதான். அந்தப் புடவை பீரோவிலேயே இருந்து மடிப்பில் இற்றுப் போனது.

எழுபதுகளில் பிளாஸ்டிக் ஒயர் கூடை வீட்டுக்கு வீடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் எல்லாம் வந்துவிட்டது. முடிச்சில் மற்றவர்களும் கெட்டிக்காரர்கள்தான். அம்மாவின் கூடையை மார்க்கெட்டில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் என்றால் அதற்குக் காரணம் நிறம். மிளகாய்ப்பழச் சிவப்போடு கிளிப்பச்சை. வாடாமல்லியோடு எலுமிச்சை மஞ்சள். கருநீலத்தில் ஒரே ஒரு வரி ஆரஞ்சு. ஒயர் கூடையில் நீளவாக்கில் போடும் ஒயர் ஒரு நிறமும், குறுக்கே ஓடும் ஒயர் வேறு நிறமும் இருந்தால், ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு நிறமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தனித்தனிக் கட்டாகப் பார்த்தபோது இருந்த நிறம் வேறு, முடிச்சில் வந்த நிறம் வேறாக இருக்கும்.

அம்மா கடையில் ஒயர் வாங்குகிற விதம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. கட்டை அப்படியே வாங்க மாட்டாள். இரண்டு நிறத்திலும் ஒரு முனையை உருவி, தன் முழங்கையிலிருந்து தொங்கும் வெள்ளை முந்தானையின் மேல் போட்டுப் பார்ப்பாள். தள்ளி வைப்பாள், ஒட்டி வைப்பாள், கடைக்கு வெளியே வெயிலில் போய் நின்று பார்ப்பாள். கடைக்காரர், "இதுக்கு இது மேட்ச் ஆகாதும்மா" என்பார். "பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தானே தெரியும்" என்பாள் அம்மா. அன்றைக்கு எனக்குக் கூச்சமாக இருக்கும். தனக்கு மறுக்கப்பட்ட நிறத்தையெல்லாம் அவள் கூடையில் போட்டுக்கொண்டாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த வெள்ளைப் புடவையையே நிறம் பார்க்கும் பலகையாக மாற்றிக்கொண்டாள் என்பதும் இப்போதுதான் தோன்றுகிறது.

நான் கற்றது நேர் எதிரான முறையில். நான் படித்த பள்ளியில் கன்னியாஸ்திரீகள் தையலும் பின்னலும் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னலை நாங்கள் திரிக்கோ என்றுதான் சொல்வோம். அவர்கள் கையில் பயின்ற ஒழுங்குக்கு இன்றைக்கும் நான் நன்றியோடு இருக்கிறேன்; பின்பக்கம் முன்பக்கம் போலவே சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அங்கே கற்றதுதான். ஆனால் நிறம் எங்கள் கையில் இல்லை. பூவேலைக்கு டே-எம்-சே நூல் வரும். உங்களுக்கெல்லாம் டி.எம்.சி. என்றால் தெரியும். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் உண்டு. மாதிரித்தாளில் ரோஜா இதழுக்கு என்ன எண் போட்டிருக்கிறதோ அந்த எண் நூலைத்தான் எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் பிரிக்கச் சொல்வார்கள். பிறகு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எனக்கு நீலமும் கருப்பும் மட்டுமே அனுமதி. பச்சை மை அதிகாரிக்கு, சிவப்பு மை தணிக்கைக்காரருக்கு. ஆக, பள்ளியில் எண், அலுவலகத்தில் பதவி. நிறத்தை நானே தேர்ந்தெடுத்தது என்பது மதிய இடைவேளைக் குல்லாய்களில் மட்டும்தான். அதிலும் ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு ரோஸ்!

அந்த டே-எம்-சே நூலின் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கம்பெனியின் வேர் முலூஸ் என்ற ஊரில், 1746-ல் தொடங்கிய துணி அச்சுப் பட்டறைக்குப் போகிறது. அங்கே அச்சிட்டது என்ன? நம் நாட்டிலிருந்து போன பூப்போட்ட பருத்தித் துணியைப் பார்த்துச் செய்த துணி. அதை அவர்கள் 'அந்தியேன்', அதாவது இந்தியத் துணி என்றே சொன்னார்கள். நம் கரையிலிருந்தும் அப்படிப்பட்ட துணி கப்பல் ஏறியது. வெளுக்காத அந்தச் சாயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் மயங்கிப் போய், தங்கள் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறது என்று அரசே 1686-லிருந்து 1759 வரை அந்தத் துணியைத் தடை செய்து வைத்திருந்தது. முலூஸ் அப்போது பிரான்சோடு சேராத ஊர். அதனால் அங்கே பட்டறை போட முடிந்தது. இப்படி நம் துணியைப் பார்த்து நிறத்தில் இறங்கிய ஊர்க்காரர்கள், பிற்பாடு நூலுக்கு எண் போட்டு நம் பள்ளிக்கே அனுப்பினார்கள். எண்ணை மாற்றாதே என்று நாங்கள் கற்றோம்.

நம் பெண்கள் நிறத்துக்கு எண் வைக்கவில்லை, பெயர் வைத்தார்கள். அரக்கு, மாந்துளிர், வெங்காயத்தோல், பாசிப்பச்சை, மயில்கழுத்து. காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிரான நிறம். இரண்டையும் கோர்வை போட்டு இணைப்பதற்காகவே இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கூடுதல் நாடாவைத் தள்ளுவார். இவ்வளவு பாடும் எதற்கு? கரை உடலோடு 'மேட்ச்' ஆகாமல் தனியாகத் தெரிவதற்குத்தான். மயில்கழுத்து நிறத்துக்குப் பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமும் போடுவார்கள். அசைந்தால் பச்சை, அசைந்தால் நீலம். இப்படி எதிர் நிறங்களைச் சேர்த்து வைத்துக் களித்த ஊரில், இன்று தெருவுக்கு ஒரு 'மேட்சிங் சென்டர்' இருக்கிறது. புடவையைக் கொடுத்தால் அதே நிறத்தில் ஜாக்கெட் துணி, அதே நிறத்தில் பால்ஸ், அதே நிறத்தில் பாவாடை. நானும் வாங்குகிறேன். குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே நிறத்தை ஒரே நிறத்தோடு சேர்ப்பதற்குக் கண் வேண்டியதில்லை. இரண்டு நிறத்தைப் பக்கத்தில் வைக்கத்தான் கண் வேண்டும்.

இந்த 'பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை' ஒரு சாஸ்திரமாகவே எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. மிஷேல் ஷெவ்ரேல் என்ற பிரெஞ்சு வேதியியல்காரர். பாரிசில் கொப்லேன் என்ற இடத்தில் அரசருடைய சித்திரக் கம்பளங்கள் நெய்யும் பட்டறை இருந்தது, இன்றும் இருக்கிறது. 1824-ல் அங்கே சாயப் பிரிவுக்கு ஷெவ்ரேல் தலைவரானார். அவருக்கு ஒரு புகார் வந்தது. நீலத் துணி, ஊதாத் துணி இவற்றின் மடிப்புகளில் நிழல் காட்டப் போடும் கருப்பு நூல் வலுவில்லாமல் இருக்கிறது, சாயம் சரியில்லை என்றார்கள். நம் ஊர் அலுவலகமாக இருந்தால் சாயக்காரருக்கு விளக்கம் கேட்டு மெமோ போயிருக்கும். ஷெவ்ரேல் வேறு பட்டறைகளிலிருந்து கருப்பு நூல் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கொப்லேன் கருப்பு எதற்கும் இளைத்ததல்ல. கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கும் நிறத்தில்! நீலத்தையும் ஊதாவையும் ஒட்டி இருப்பதால் கண்ணுக்குக் கருப்பு மாறித் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். இரண்டு நிறங்களை ஒட்டி வைத்தால் ஒன்றை ஒன்று தள்ளும். எதிர் நிறங்களாக இருந்தால் இரண்டுமே பிரகாசமாகும். மஞ்சளுக்கு எதிர் ஊதா, சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு. இதையெல்லாம் 1839-ல் பெரிய புத்தகமாகப் போட்டார்.

வேலை ஓய்வுக்குப் பிறகுதான் இவரைப் பற்றிப் படித்தேன். சிவப்பும் கிளிப்பச்சையும், வாடாமல்லியும் எலுமிச்சையும், கருநீலத்தில் ஒரு வரி ஆரஞ்சும் என்று படிக்கப் படிக்க எனக்கு அம்மாவின் கூடைகள்தான் தெரிந்தன. அம்மாவுக்கு இவர் பெயர் தெரியாது. வெள்ளை முந்தானையில் போட்டுப் பார்த்தே அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். ஷெவ்ரேல் 102 வயது வரை இருந்தார், கடைசிக் காலம் வரை ஆராய்ச்சியை விடவில்லை என்பதையும் நம் கூட்டத்துக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இப்போது என் போர்வைக்கு வாருங்கள். கடுகு மஞ்சளுக்குப் பக்கத்தில் காப்பிக்கொட்டை நிறம் வைத்து அடக்கமாக முடிக்க நினைத்தேன். என் மங்கிய கண் ஏமாந்து கத்திரிப்பூவை எடுத்து வைத்தது. மஞ்சளும் ஊதாவும்! வலது கண்ணால் பார்க்கும்போது அந்தச் சதுரங்கள்தான் போர்வையிலேயே உயிரோடு இருந்தன. தெரிந்து எடுத்திருந்தால் எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது. வெள்ளையும் சந்தனமும் கலந்து வந்தது பரவாயில்லை, பழைய துணி மாதிரி ஒரு ஆழம் கொடுத்தது. ஆனால் கரை சரியில்லை. இரண்டு பக்கம் கருப்பு, இரண்டு பக்கம் கருநீலம் என்பது விளையாட்டாகவும் தெரியவில்லை, திட்டமாகவும் தெரியவில்லை. நூல் போதாமல் போனது போல் இருந்தது. என் மகள் சொன்னதில் அந்த அளவு நியாயம் இருந்தது.

ஆகவே என் கருத்து, ஏமாந்து போனதெல்லாம் அழகு என்பதல்ல. பிரிக்க வேண்டியதைப் பிரிக்கத்தான் வேண்டும். எதைப் பிரிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதைச் செய்தவர் கண் முடிவு செய்ய வேண்டும். சீட்டில் இருக்கும் எண்ணோ, அறையின் சுவரோ, செய்தவரின் வயதோ முடிவு செய்யக் கூடாது. இப்போது கடைகளில் பெட்டியாகவே விற்கிறார்கள்: ஊசி, நூல், எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று எண் போட்ட தாள். முடித்தால் அட்டைப் படத்தில் இருப்பது போலவே வரும். கைக்கு வேலை, மனதுக்கு அமைதி, நல்லதுதான். ஆனால் சமையலில் உப்பு புளி பார்ப்பதை வேறொருவரிடம் விட்டுவிட்டு நாம் கிளறிக்கொண்டு மட்டும் இருப்பது போன்றது அது. வயதானவர்களுக்குப் பரிசாக இதைத்தான் வாங்கித் தருகிறார்கள். அம்மாவுக்கு வெள்ளைப் புடவை கொடுத்தது போல் இன்று நமக்கு வெளிர் நிறம் கொடுக்கிறார்கள். அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். அன்றும் அன்பாகத்தான் சொன்னோம், நாலு பேர் என்ன சொல்லுவாங்க என்று.

நிறம் எடுக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு, நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன். முதலாவது, டியூப்லைட்டில் நிறம் எடுக்காதீர்கள். பகலில் ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியையோ துண்டையோ விரித்து, அதன் மேல் நூல்களைப் போடுங்கள். ஒட்டி வைத்துப் பாருங்கள், பிறகு நடுவில் வெள்ளை தெரியும்படி தள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாகத் தெரியும். பத்தடி தள்ளி நின்றும் பாருங்கள். கிட்டே சண்டை போட்டது தூரத்தில் சமாதானமாக இருக்கும்.

இரண்டாவது, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் செய்து தருவார்கள். நிறம் வேறு வேறாக இருந்தும் படத்தில் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், பின்னிய பிறகு கோலம் எடுபடாது. ஒன்று வெளுப்பாக, ஒன்று அழுத்தமாக இருக்க வேண்டும். இது எனக்கு எழுபது வயதுக்கு மேல் தெரிந்தது.

மூன்றாவது, எதிர் நிறங்களைச் சம பங்காகப் போடாதீர்கள். ஒன்று சாதம், இன்னொன்று ஊறுகாய். அம்மாவின் கருநீலக் கூடையில் ஆரஞ்சு ஒரே ஒரு வரிதான். சம பங்காக இருந்தால் இரண்டும் கத்தும்.

நான்காவது, முழுதாகத் தொடங்குவதற்கு முன் பத்து வரி பின்னிப் பாருங்கள். அந்தத் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றியும் பாருங்கள். சிவப்புச் சாயம் இறங்கினால் அப்போதே தெரிந்துவிடும். பத்து வரி பிரிப்பதற்குப் பத்து நிமிடம் ஆகாது. நாற்பத்தெட்டுச் சதுரம் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஐந்தாவது, கண்புரை வந்தவர்கள் கருப்பு, கருநீலம், பழுப்பு, ஊதா இவற்றை எடுக்கும்போது பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வை நீங்கள் செய்யுங்கள்.

கரையை என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. முழுதும் பிரிக்க நாளும் இல்லை, மனமும் இல்லை. பெட்டியைக் கிளறியதில் நல்ல குங்குமச் சிவப்பு ஒரு உருண்டை இருந்தது. சிவப்பு விஷயத்தில் என் இரண்டு கண்ணும் ஒன்று சொன்னதால் தைரியமாக எடுத்தேன். கருப்புக்கும் கருநீலத்துக்கும் வெளியே, நான்கு பக்கமும் சுற்றி, குரோஷா ஊசியால் ஒரு வரி போட்டேன். ஒரு விரல் அகலம்கூட இல்லை. அந்த ஒரு வரி போட்டதும், உள்ளே இருந்த கருப்பும் கருநீலமும் வேண்டுமென்றே அப்படி வைத்த மாதிரி அமைதியாகிவிட்டன. இரண்டு சாயங்காலத்தில் வேலை முடிந்தது. அண்ணன் மகன் பெட்டியில் வைத்துக்கொண்டு போனான்.

மகளிடம் சொல்லிவிட்டேன்: "பிரிக்கலம்மா. பாதி கண்ணு தெரியாம போட்டது, பாதி தெரிஞ்சு வெச்சிக்கிட்டது. உனக்குப் பிடிக்கலேன்னா உள்ள மடிச்சி வை. அவ பெரியவளானதும் கேட்டா குடு." அவள் "சரிம்மா" என்றாள். பிடித்துச் சொன்னாளா, போகட்டும் என்று சொன்னாளா தெரியாது. போன ஞாயிறு வீடியோவில் பார்த்தபோது போர்வை தொட்டிலில் இருந்தது. சாம்பல் சுவர், சாம்பல் திரை, நடுவில் மஞ்சளும் ஊதாவும். அறைக்கு மேட்ச் ஆகவேயில்லை.

அடுத்த மாதம் இடது கண். அது முடிந்தால் பழைய நிறங்களைப் பார்க்க எனக்கு வழி இருக்காது. அதனால் இந்த ஒரு மாதமும் தினம் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து, எது எதுவாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டு இருக்கிறேன். உங்கள் வீட்டிலும் மீந்த உல்லனோ, ஒயர் கட்டோ, பூவேலை நூலோ எங்காவது ஒரு பையில் இருக்கும். எடுத்து வெள்ளைத் துணியில் பரப்புங்கள். அதில் கருப்பு என்று நினைத்திருப்பது கருப்புதானா என்று முதலில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.